தவிட்டு ஒத்தடம்

முதலில் அதைச் சாயம் என்றுதான் நினைத்தேன். வெள்ளைப் பட்டு நூலை ராட்டையில் போட்டுத் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். நெய்கிறவர் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற சின்ன நூற்குழல்தான் தார். தொண்டையில் ஒரு கமறல். முகத்தைத் திருப்பக்கூட நேரமில்லை, இருமிவிட்டேன். நூலின்மேல் பொட்டுப் பொட்டாய்ச் சிவப்பு. ஐயோ, அரக்குச் சாயம் எங்கிருந்தோ தெறித்துவிட்டதே, முதலாளி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று பதறிப்போய் விரலால் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஆறின சாயம் எப்படிச் சுடும்?

இப்போது எங்கள் தெருவில் ஒருத்திக்கு அதே நோய். வீட்டிலேயே மாத்திரை சாப்பிடுகிறாள், தேறிவிடுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தும் இடிந்துபோய்க் கிடக்கிறாள். "நீங்க எப்படி இருந்தீங்க, சொல்லுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். வாயால் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் சாந்திக்கு ஆறு வயது. சின்னவள் உமா, பத்து மாதக் கைக்குழந்தை. எங்கள் வீட்டுக்காரர் தறிக்காரர். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார், அதுவும் கேட்டால்தான். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன் என்பதால் வீட்டில் சத்தம் குறையவில்லை. பெரியவர்கள் யாரும் எங்களுக்கு உயிரோடு இல்லை. உறவென்று இருந்தது அவருடைய அண்ணன் குடும்பம். இரண்டு தெரு தள்ளி வீடு. அண்ணன் மனைவி தனபாக்கியம், என் ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளைகளுக்கு அவள் பெரிம்மா.

ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், 'சூட்டு இருமல், தொண்டையில புண்ணு, வேற ஒண்ணுமில்ல' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் அந்தக் கறுப்புத் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாய் ஒரு புகை.

"டிபிமா. நுரையீரல்ல கிருமி பூந்து அரிச்சிக்கினு இருக்குது. சளியிலயும் இருக்குது. நீங்க இருமினா, பேசினா, காத்துல வெளிய வரும்."

எலும்புருக்கி நோய் என்று தெருவில் சொல்வார்களே, அதுதான். காது அடைத்துப்போயிற்று. அவர் அடுத்துக் கேட்டது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

"கைக்கொழந்த இருக்குதா? பால் குடிக்குதா?"

"குடிக்குது சார்."

"இன்னியோட நிறுத்திடுங்க. நீங்க மூச்சு விடற பக்கம்கூடக் கொழந்த இருக்கக்கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார், மூச்சு விடாம எப்படி சார் இருக்கறது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அக்கா, உமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தைக்குப் பசி. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது. நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். இவர் அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா முகம் வெளுத்துவிட்டது. குழந்தையின் முகத்தைத் தன் தோள்பக்கம் திருப்பி அமுக்கிக்கொண்டாள். கடைசியாக ஒரு வாய் பால்கூடக் கொடுக்கவில்லை நான். காலையில் கொடுத்ததுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்?

"அழுவாத சரோஜா. போய் ஒடம்ப பாத்துக்கினு வா. நீ வர்ற வரைக்கும் ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டும். பெரிம்மா வூட்ல வுட்டுட்டுப் போறேன்னு நினைச்சிக்க, அவ்ளோதான்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் பேச எங்களுக்கு என்ன இருந்தது? பெற்றவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரிம்மா பார்த்துக்கொள்வாள். எந்த வீட்டில் நடக்காதது?

சென்னைக்கு இந்தப்பக்கம் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கச் சில நாள் ஆயிற்று. அதுவரை வீட்டில் தனியாகக் கிடந்தேன். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் மல்லிகைப் பூவைக் கொண்டுவந்து, மார்பில் வைத்து இறுக்கக் கட்டச் சொன்னாள். பால் வற்றுவதற்குப் பூ வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வைத்தியம். ஊரெல்லாம் தலையில் வைக்கிற பூவை நான் அப்படி வைத்தேன். அன்றிலிருந்து மல்லிகை வாசனை எனக்கு ஆகாது. கோயிலில் கொடுத்தாலும் பக்கத்தில் நிற்கிறவளிடம் கொடுத்துவிடுவேன்.

ஆஸ்பத்திரி என்றால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி மாதிரி இல்லை. நீள நீளக் கட்டடங்கள், சுற்றிலும் மரங்கள். சன்னல்களை மூடவே கூடாது, காற்று வரவேண்டும். மார்கழியிலும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் மூடி போட்ட ஒரு குவளை. துப்பினால் அதில்தான் துப்பவேண்டும். காலையில் எழுந்ததும் முதல் சளியைச் சோதனைக்குக் கொடுக்கவேண்டும். கிருமி தெரிந்தால் பாசிட்டிவ், தெரியாவிட்டால் நெகட்டிவ். வெளியில் நெகட்டிவ் கெட்ட வார்த்தை. அங்கே நாங்கள் எல்லோரும் அந்த வார்த்தைக்குத்தான் சாமி கும்பிட்டோம்.

தினமும் இடுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். அந்த ஊசி கிருமியையும் கொல்லும், காதிலும் போய் வேலை செய்யும். எழுந்து நின்றால் தரை சாயும், காதுக்குள் வண்டு ரீங்காரமிடும். கூடவே பாஸ் என்று ஒரு மருந்து, கை நிறையச் சாப்பிடவேண்டும். அதைச் சாப்பிட்டால் சோறு இறங்காது. சோறு இறங்காவிட்டால் சிஸ்டர் திட்டுவாள். கொழுத்தால்தான் பிழைப்பாய் என்று பாலும் முட்டையும் கொடுப்பார்கள். நாங்கள் சைவம். முட்டையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

பக்கத்துக் கட்டிலில் ரமணம்மா. வாலாஜாபாத்தில் கடை வைத்திருந்த தெலுங்குக் குடும்பம். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டதால் வார்டுக்குப் பெரியதனம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கினு முழுங்கு சரோஜா. உள்ள போயிட்டா அந்த ஈஸ்வரனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. உன் கொழந்தைக்கு மட்டுந்தான் தெரியும், எங்கம்மா திரும்பி வந்துட்டான்னு."

முழுங்கினேன். அதற்கப்புறம் ஒருநாளும் முட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதிர் வரிசையில் பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் ஒரு பெண் இருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்ததாம். ஒருநாள் ஊசிக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், கட்டில் காலி. வார்டு ஆயா மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் என்னிடம் சீப்பு கேட்டவள். சீப்பு இன்னும் அவள் தலைமாட்டிலேயே இருந்தது. நான் அதைத் திரும்ப எடுக்கவில்லை. ரமணம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "ஏடவகு, ஏடவகம்மா" என்றாள். அழாதே என்று தெலுங்கில். அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க விடுவார்கள். குழந்தைகளுக்கு அனுமதியில்லை. இவர் பஸ் மாறி மாறி வருவார். பொட்டலத்தில் பொரியுருண்டை இருக்கும். தள்ளி ஸ்டூல் போட்டு உட்காருவார்.

"புள்ளைங்க எப்படி இருக்குதுங்க?"

"நல்லாருக்குதுங்க."

"சின்னதுக்குப் பல்லு மொளைச்சிச்சா?"

"ம்."

"எத்தினி?"

"இருக்குது."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பல்லை எண்ணிக்கொண்டு வரச்சொன்னால் அடுத்த முறை "எண்ணிட்டேன்" என்பார். அண்ணி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், குழந்தை இட்லி சாப்பிடுகிறது, இந்த இரண்டைத் துருவித் துருவி வாங்குவதற்குள் மணி அடித்துவிடும்.

நடுவில் எனக்கு விலாவில் நீர் கோத்துக்கொண்டது. நுரையீரலைச் சுற்றி மெல்லிசாய் ஒரு உறை இருக்கிறதாம். அந்த உறைக்குள் நீர் சேர்ந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் கத்தி இறங்குகிற மாதிரி வலிக்கும். என்னைக் குனிந்து உட்காரவைத்து, முதுகுப்பக்கம் நீள ஊசி போட்டு நீரை இழுத்தார்கள். நீராகாரம் மாதிரி கலங்கலாய் அத்தனை நீர். என் உடம்பிலா இது இருந்தது என்று பிரமித்துப்போய்ப் பார்த்தேன். நீரை எடுத்த பிறகும் வலி முழுக்க விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் வழக்கத்தைவிட மோசம். வாயே திறக்கவில்லை. தறியில் ஏதாவது தகராறா என்றேன், தலையாட்டினார். கிளம்பும்போது சொன்னேன்.

"விலாவுல நோவு தாங்கல. அக்காகிட்ட சொல்லி அடுத்த வாட்டி கொஞ்சம் தவுடு கொண்டாங்க."

சூடு பண்ணின தவிட்டைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட குத்தலும் இறங்கும். இது எங்கள் வீட்டில் பூனைக்குட்டிக்கும் தெரியும். அதனால் ஒத்தடத்துக்கு என்று நான் தனியாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவரோடு அக்காவே வந்துவிட்டாள். நோயென்றால் பத்தடி தள்ளி நிற்கிற அக்கா, முக்காட்டை மூக்கின்மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு என் கட்டிலண்டை வந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. முந்தானையிலிருந்து ஒரு மஞ்சள் துணி மூட்டையை எடுத்தாள். முடிச்சுக்குள்ளிருந்து தவிட்டின் வாசனை வந்தது. எனக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது.

"கெழக்கப் பாத்து ஒக்காருமா. ரெண்டு கையாலயும் வாங்கிக்க. மனசார வாங்கிக்க."

அக்காவுக்கு எதற்கெடுத்தாலும் சாமி, சகுனம். மருந்துக்கும் திசை பார்க்கிறாளே என்று எனக்குள் சிரித்துக்கொண்டே கிழக்கே திரும்பினேன்.

"மனசாரத்தாங்கா வாங்கிக்கறேன். இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன்" என்று சொல்லி, இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அக்கா என் கைகளைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விக்கி விக்கி அழுதாள். "இனிமே ஒண்ணும் ஆவாதுமா. இனிமே எதுவும் கிட்ட வராது" என்றாள். சிஸ்டர் வந்து கிட்டே நிற்காதே என்று விரட்டினாள். இவர் கதவண்டை நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டு ஆயாவின் கையில் காலில் விழுந்து, வெந்நீர் அண்டாவின் மூடிமேல் அந்த மூட்டையைச் சூடு பண்ணி வாங்குவேன். விலாவில் வைத்தால் வலி மெல்ல மெல்ல இறங்கும். துணியின் அடிப்பக்கம் தீய்ந்து கறுத்தது. வலி போன பிறகும் நான் அதைத் தூக்கியெறியவில்லை. வீட்டிலிருந்து வந்த ஒரே பொருள். தலையணைக்கடியில் வைத்துப் படுத்தால் எங்கள் அடுப்பங்கரையில் படுத்தமாதிரி இருக்கும்.

சளி நெகட்டிவ் ஆயிற்று. அடுத்த மாதமும் நெகட்டிவ், அதற்கடுத்ததும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, மாத்திரையை வீட்டில் சாப்பிடலாம், போகலாம் என்றார்கள். ரமணம்மாவுக்கு இன்னும் ஆகவில்லை. அவள் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, "போய் உன் கொழந்தைய பாரு. திரும்பி மட்டும் பாக்காத" என்றாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கினதும், கூட்டிவந்த இவரிடம் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றேன். நேராக அக்கா வீட்டுக்குத்தான் நடந்தேன். தெருமுனையில் சாந்தி பார்த்துவிட்டாள். "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவள், கிட்டே வந்ததும் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுவிட்டாள். நானே இழுத்துக் கட்டிக்கொண்டேன். அவள் தலைக்கு மேலாகப் பார்த்தேன். அக்கா வீட்டு வாசலில் ஒரு குழந்தை, பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு கோழியை விரட்டிக்கொண்டிருந்தது. நான் விட்டுப் போனது தவழ்கிற குழந்தை. இது ஓடுகிறது. ஆனால் அந்தக் காது, அந்த நெற்றி, எனக்குத் தெரியாதா?

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏ தவுட்டம்மா! வெயில்ல இன்னா பண்ற? உள்ள வாடி."

குழந்தை திரும்பிப் பார்த்தது. "வரேம்மா" என்று மழலையில் சொல்லிவிட்டு உள்ளே ஓடியது.

தெருவே சுற்றியது. ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக்கொண்ட நாட்களில்கூட அப்படிச் சுற்றியதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குக் கண்டம் என்று பயம் வந்தால், பெற்றவள் அதை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவாள். வாங்குகிறவள் ஒரு பிடி தவிட்டைப் பெற்றவள் கையில் கொடுப்பாள். அவள் மனதார வாங்கிக்கொள்ளவேண்டும். அன்றோடு பிள்ளை இவளுடையதல்ல. எமன் தேடிவந்தால் இந்த வீட்டில் அப்படிப் பிள்ளையே இல்லை, தவிட்டுக்குப் போனதை எவன் மதிப்பான் என்று திரும்பிவிடுவான். வாங்கினவள் ஆண் என்றால் தவிடன், பெண் என்றால் தவிட்டம்மா என்று பேர் வைப்பாள். விற்றவள் அதன்பிறகு 'என் பிள்ளை' என்று வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் விலை முறிந்து, வந்த ஆபத்து திரும்பவும் வரும் என்பார்கள்.

கிழக்கே பார்த்து உட்கார்ந்தது, மஞ்சள் துணி, மனசார வாங்கிக்க என்றது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தது. நான் வாசலைத் தாண்டி ஓடினேன்.

"அக்கா! இன்னாக்கா இது? என் புள்..."

அக்கா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். என் நோயைப்பற்றி அவளுக்கு அந்த நிமிஷம் நினைவே இல்லை.

"சொல்லாத! வாயால சொல்லிடாத சரோஜா! உனக்கு நூறு புண்ணியம். இத்தினி நாள் காப்பாத்திட்டேன். இப்ப சொல்லிக் கெடுத்துடாத!"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் போன சில மாதத்தில் உமாவுக்கு இருமலும் காய்ச்சலும் வந்து, கண்ணே திறக்காமல் கிடந்திருக்கிறாள். தாயைப் பிடித்த நோய், பாலோடு போய்ப் பிள்ளையையும் பிடிக்கும் என்று தெருவில் பேசியிருக்கிறார்கள். அந்த வாரம்தான் இவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. குழந்தை நிலைமையை என்னிடம் சொல்ல அவருக்குத் தைரியமில்லை.

"அன்னிக்கி உன் வூட்டுக்காரரு வந்து, சரோஜா தவுடு கொண்டாரச் சொன்னான்னு சொன்னாரு. பகீர்னு ஆயிடிச்சிமா எனக்கு. பெத்தவ அங்க சாவக்கெடக்கறா, இருந்தாலும் புள்ளைய காப்பாத்த அவளே விக்கறேங்கறா, நான் வாங்கலன்னா மனுசியான்னுதான் வந்தேன். நீயும் இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன்னு சொன்னியே!"

"ஒத்தடத்துக்கு கேட்டேங்கா! விலாவுல வலின்னு!"

அக்காவுக்குப் புரியவில்லை. நான் பையைத் திறந்து, அந்த மூட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அடிப்பக்கம் கருகிய மஞ்சள் துணி. அவள் அதையே பார்த்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்க பாத்துக்கினுதானே நின்னீங்க? ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"பொம்பளைங்க நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினீங்கன்னு நினைச்சேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவரை அடிப்பதா, அவர் காலில் விழுந்து அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா தலையை நிமிர்த்தினாள். "அப்போ நான் திருடிட்டேனா?" என்றாள். குழந்தை அவள் முதுகின்மேல் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, யார் இந்தப் பொம்பளை என்று என்னை எட்டிப் பார்த்தது.

தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் என் கை வரவில்லை. குழந்தை பிழைத்திருக்கிறதே! காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தது கோழி விரட்டுகிறதே! தவிடு கைமாறின வாரத்திலேயே ஜுரம் இறங்கிவிட்டது என்று அக்கா சொன்னாள். நானும் அந்தத் தெருவில் பிறந்தவள்தானே. ஒருவேளை விற்றதால்தான் பிழைத்ததோ? நான் 'என்னுடையது' என்று கேட்டு, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? சாந்தியை மட்டும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பயம் பார்த்தேன், இந்த மாதிரி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

மருந்து வாங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பழைய டாக்டரே இருந்தார். "கொழந்த எப்படி இருக்குது?" என்றார். "எங்கக்கா கொழந்த நல்லாருக்குது சார்" என்றேன். அவர் விழித்தார். எதற்கும் அழைத்துவாருங்கள், கிருமி தொற்றியிருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

சொல்லியனுப்பினேன். அக்கா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"கொழந்தைக்கு அம்மா யாரு? கெட்டியா புடிச்சிக்கங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் விலை முறியும். அக்கா சொல்வாள் என்று பார்த்தேன். அவளும் வாயைத் திறக்கவில்லை. அவள் கண் முதன்முதலாக என்னைப் பார்த்தது. "இன்னாமா, ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க?" என்று டாக்டரே குழந்தையின் கையைப் பிடித்துக் குத்தினார். அது வீரிட்டு அழுது அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. அக்கா அதன் முதுகைத் தட்டினாள். தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

ஊசி போட்ட இடம் சிவந்து தடித்தால் கிருமி இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தார்கள். தடிக்கவில்லை. சுத்தம் என்றார் டாக்டர். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை, தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீளமாக விரித்துக்கொண்டிருந்த நேரம். அக்கா வந்தாள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி, மை வைத்து, அந்தப் பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். மாற்றுத் துணியெல்லாம் ஒரு பையில். உள்ளே வந்து குழந்தையை என் முன்னால் இறக்கிவிட்டாள். அது அவள் புடவையை விடவில்லை.

"ராவெல்லாம் யோசிச்சிப் பாத்தேன் சரோஜா. விக்கறோம்னு தெரிஞ்சி வித்தாத்தான் அது விலை. நீ நோவுக்கு மருந்துன்னு வாங்கின. விக்காத பொருள நான் எப்படி வாங்கினேன்னு சொல்றது? அந்தத் தவுட குடு."

"அக்கா, புள்ளைக்கு ஏதாவது..."

"ஆவாது. டாக்டர்தான் சொல்லிட்டாரே. என் மனசு மாறறதுக்குள்ள குடுத்துடு."

அவளே கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ஏந்தினாள். நான் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தேன். அவள் வாங்கி, மடியில் வைக்காமல், முந்தானையில் முடிந்துகொள்ளாமல், மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு புடவையிலிருந்து குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள்.

நான் தூக்கினேன். எத்தனை நாள் ஏங்கியது! அது என்னை உதைத்தது, பிராண்டியது. வாசலைப் பார்த்து "அம்மா, அம்மா" என்று கத்தியது. என் பெண் என் இடுப்பில் இருந்துகொண்டு இன்னொருத்தியை அப்படிக் கூப்பிட்டாள்.

அக்கா வாசல்படியில் இறங்கி, திரும்பினாள்.

"ஏம்மா, இத சுட வச்சித்தான் ஒத்தினியா, இல்ல அப்படியே வச்சிக்கினியா?"

"சுட வச்சித்தாங்கா."

"வலி எறங்கிச்சா?"

"எறங்கிச்சிக்கா."

அவள் தலையை ஆட்டினாள். மார்பில் வைத்த மூட்டையை எடுக்காமல், பாவு விரித்திருந்த தெருவின் ஓரமாகவே நடந்து போனாள்.